வருஷத்துக்கு ஒரு குழாய் ரத்தம்

எல்லோருக்கும் வணக்கம். மேற்கு ஆஸ்திரேலியாவில் விட்டனூம் என்றொரு ஊர் இருந்தது. 1966 வரை அங்கே நீலக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், வெட்டினார்கள். சுரங்கக் கழிவைத் தெருவில் கொட்டி நிரவினார்கள், பள்ளிக்கூட மைதானத்தில்கூடப் பரப்பினார்கள். பிள்ளைகள் அதில்தான் உட்கார்ந்து விளையாடின. புருஷனின் வேலைச் சட்டையை உதறித் துவைத்த மனைவிக்கும் அதே தூசிதான்.

உள்ளே போன தூசி சும்மா இருப்பதுபோல இருக்கும். முப்பது, நாற்பது வருஷம் கழித்து, நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் மீசோதீலியோமா என்ற புற்று தலைகாட்டும். தெரியவரும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும்.

சரி, ரத்தத்தில் முன்கூட்டியே தெரியாதா? பெர்த் நகரத்து ஆய்வாளர்கள் 2003-இல் மீசோதெலின் என்ற புரதத்தை அளந்து பார்த்தார்கள். மீசோதீலியோமா நோயாளிகள் 44 பேரில் 37 பேருக்கு அது கூடியிருந்தது. அதைவிட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. கல்நார்த் தூசி பட்டும் அப்போது புற்று இல்லாதவர்கள் 40 பேர். அவர்களில் 7 பேருக்கும் புரதம் கூடியிருந்தது. ஐந்து வருஷத்துக்குள் அந்த ஏழு பேரில் மூவருக்கு மீசோதீலியோமா, ஒருவருக்கு நுரையீரல் புற்று. மற்ற 33 பேருக்கு எட்டு வருஷமாகியும் மீசோதீலியோமா வரவில்லை.

ஆனால் 40 பேர் சின்னக் கூட்டம். ஜெர்மனியில், கல்நாரால் நுரையீரல் கெட்டது என்று அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்ட 2,700-க்கும் மேற்பட்ட முன்னாள் தொழிலாளர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். வருஷாவருஷம் ரத்தம் எடுத்து உறைய வைத்தார்கள். யாருக்காவது மீசோதீலியோமா வந்தால், அவருடைய பழைய குழாயை வெளியே எடுத்துச் சோதித்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. மீசோதெலினையும் கால்ரெட்டினின் என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்துப் பார்த்தால், நோய் தெரிவதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் 100-க்கு 46 பேரைப் பிடிக்கலாம். நோயில்லாதவர்களில் 100-க்கு 2 பேரைத் தவறாகக் காட்டும்.

இரண்டுதானே என்று விட்டுவிடாதீர்கள். ஆயிரம் பேரைச் சோதித்தால் இருபது வீட்டில் வீண் கலக்கம். சிறுநீரகம் பழுதானாலும் மீசோதெலின் ஏறும். அதையும் கூடவே பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம், பாதிக்கு மேற்பட்ட நோயாளிகள் இந்தச் சோதனையில் சிக்காமல் போய்விடுகிறார்கள். அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி, "உங்களுக்கு ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று எந்தத் தொழிலாளியையும் அனுப்பக் கூடாது. ஒருவரின் இந்த வருஷ அளவை அவருடைய போன வருஷ அளவோடு ஒப்பிட வேண்டும். அதற்கு அந்தப் பழைய ரத்தம் இருக்க வேண்டுமே! வேலையை விட்டு முப்பது வருஷம் ஆனவரையும் தேடிப்பிடித்துக் கூப்பிடுங்கள். நோய் வருவது அப்போதுதான்.