நூலும் கல்லும் நிறுத்துக் கடிகாரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

தொடக்கப்பள்ளிகளில் அறிவியல் ஆர்வத்தை வளர்க்க இரண்டு ஏற்பாடுகளைச் செய்கிறார்கள். குழந்தைகளே செய்து பார்க்கும் சோதனைகள் ஒன்று. ஒரு மருத்துவரையோ பொறியாளரையோ அழைத்துத் தம் தொழிலைப் பற்றிப் பேசச் சொல்லும் நிகழ்ச்சி மற்றொன்று. பெரும்பாலும் இவ்விரண்டும் வெவ்வேறு நாள்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடந்து முடிந்துவிடுகின்றன. சோதனை முதலில் வரவேண்டும், விருந்தினர் அதற்குப் பின்னரே வரவேண்டும், அவரோடு நடக்கும் உரையாடல் அந்தச் சோதனையிலிருந்தே கிளைக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். மிக எளிய சோதனை ஒன்றைக் கொண்டே இதற்கான காரணத்தை விளக்கலாம்.

ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். நூலை மாட்டிய இடத்திலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை 25 சென்டிமீட்டர் நீளம் இருக்கட்டும். கல்லைச் சற்றே ஒரு பக்கமாக இழுத்து, தள்ளாமல் விட்டுவிட்டால், அது ஒருமுறை போய்த் திரும்புவதற்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். 10 அலைவுகளுக்கு 10 நொடி. வகுப்பில் இதைச் செய்யும்போது ஒரு குழு 9 நொடி என்னும், இன்னொரு குழு 10 என்னும், வேறொரு குழு 11 என்று அடித்துச் சொல்லும். அப்போது ஆசிரியர் '10தான் சரி' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துபோகும். அவர் சற்றுப் பொறுத்து, ஒரு குழு செய்வதை மற்றொரு குழு நின்று கவனிக்கும்படி விட்டால், 9 என்ற குழு கல்லை விடும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியதும், அதனால் 'பத்து' என்று சொல்லி முடிக்கையில் உண்மையில் ஒன்பது அலைவுகளே நிறைவடைந்திருந்ததும் வெளிப்படும். 11 என்ற குழுவின் நூலை அளந்தால் அது 30 சென்டிமீட்டராக இருக்கக்கூடும்.

அடுத்து, கல்லின் எடையைக் கூட்டினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். வேகமாக ஆடும் என்று சிலரும், மெதுவாக ஆடும் என்று சிலரும் சொல்வார்கள். எதுவும் மாறாது என்று சொல்லும் குழந்தை அரிது. இரண்டாவது கல்லை முதல் கல்லுக்குக் கீழே கட்டினால் ஊசலின் நீளமும் சேர்ந்து கூடிவிடும், நேரமும் கூடும், எடைதான் காரணம் என்று வகுப்பே முடிவு கட்டிவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டிய பின்னரே நேரம் மாறவில்லை என்பது தெரியவரும். நூலை 1 மீட்டராக நீட்டினால் இன்னொரு வியப்பு: நீளம் நான்கு மடங்கானாலும் நேரம் இரண்டு மடங்குதான் ஆகிறது.

எண்ணுவதில் நேர்ந்த பிழையைக் கண்டுபிடிப்பது, ஒரே அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது ஆகிய இவையே தராசுகளைச் சரிபார்ப்பவர், இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவர், நில அளவையர், வானியலாளர் என்று பலரும் நாள்தோறும் செய்கின்ற வேலைகள். இதைத் தன் கையால் செய்து பார்த்த குழந்தை, விருந்தினரிடம் 'நீங்கள் என்ன படித்தீர்கள்?' என்பதோடு நிற்காமல், 'உங்கள் அளவு தவறு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்றும் கேட்கும்.

இதைத் தொடக்கப்பள்ளியிலேயே செய்ய வேண்டியதற்கு ஒரு சான்று உண்டு. டேவிட் சேம்பர்ஸ் என்னும் ஆய்வாளர், ஐந்தாம் வகுப்பு வரையிலான 4,807 குழந்தைகளிடம் ஓர் அறிவியலாளரை வரையச் சொல்லி, அதன் முடிவுகளை 1983இல் வெளியிட்டார். பெண் அறிவியலாளரை வரைந்தவர்கள் 28 பேர் மட்டுமே. அவர்கள் அனைவரும் சிறுமியர். வெள்ளை மேலங்கி, மூக்குக் கண்ணாடி, தாடி என்ற வார்ப்புப் படம் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில்தான் தலைகாட்டி, அதன்பின் வலுப்பெறுகிறது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. பிற்காலத்து ஓவியங்களில் பெண்கள் கூடுதலாகவே இடம்பெற்றுள்ளனர் என்றாலும், அந்த வார்ப்பு முற்றிலும் கலைந்துவிடவில்லை. குழுச் சோதனைகளில் சிறுவர்கள் கருவியை எடுத்துக்கொள்ள, சிறுமியர் குறிப்பேட்டோடு ஒதுங்கி நிற்கும் வழக்கத்தைப் பார்த்தும் பாராமல் விடுகிற ஆசிரியர், தம்மை அறியாமலே அதற்குத் துணைபோகிறார். வேலைகளைச் சுற்று முறையில் மாற்றிக்கொடுப்பது கடினமான காரியம் ஒன்றுமில்லை.

ஊக்க உரைகளின் பெருமையைப் பேசுவோர், மின்னியல் ஆய்வுகளால் புகழ்பெற்ற ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடேயைச் சுட்டிக்காட்டுவது உண்டு. புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சி பெற்றுவந்த அந்த இளைஞர் 1812இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அவற்றைத் தாமே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813இல் அவருடைய ஆய்வக உதவியாளரானார். ஆனால், உரையைக் கேட்பதற்கு முன்பே அவர் கிடைத்த பொருள்களைக் கொண்டு மின் சோதனைகளைச் செய்து பார்த்தவர் என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே பழகியிருந்த கைகளோடுதான் அவர் அந்த அரங்கில் போய் அமர்ந்தார்.

ஆகவே விருந்தினரை அழைக்கும் பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் இது. புகழ்பெற்றவரைத் தேடி அலையாதீர்கள். மின்பணியாளரோ, செவிலியரோ, கண் பரிசோதனை செய்பவரோ போதும். அவர் அன்றாடம் கையாளும், குழந்தைகள் தொட்டுப் பார்க்கப் பாதுகாப்பான கருவி ஒன்றையும், தம் வேலையில் அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல் ஒன்றையும் கொண்டுவரட்டும். சோதனையின்போது குழந்தைகளுக்கு எழுந்த கேள்விகளை முன்கூட்டியே அவருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். ஐந்து நிமிடங்களில் அவர் தம்மை அறிமுகம் செய்துகொண்ட பிறகு, மீதி நேரம் முழுவதும் அந்தக் கருவி குழந்தைகளின் கையில் இருக்கட்டும். அவர்கள் எடுக்கும் அளவும் அவர் எடுக்கும் அளவும் ஒத்துப்போகாவிட்டால், காரணத்தை அவரும் அவர்களோடு சேர்ந்து தேடட்டும்.

வணக்கம்.