ஒன்றரைச் சுற்று

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணிக்கு வணக்கம், என் அணிக்கு வணக்கம். மழை விட்டதும் நாற்காலியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் புதுச்சேரிப் பெரியவர்களுக்குப் பெரிய வணக்கம். முன்வரிசையில் காலில் சக்கரத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனி வணக்கம். சரி, வணக்கம் போதும். எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசிவிட்டார்கள், எல்லாருக்கும் பசி.

இன்றைக்குப் பட்டிமன்றம் பனித்தரையில் சறுக்கி ஆடுகிற ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றி. தலைப்பு என்ன? 'பனித்தரையில் ஒரு பெண்ணை சீசன் முழுக்கக் கரைசேர்ப்பது கால்பலமா, மனபலமா?' நான் மனபலம். ஏன் மனபலம் என்று கேட்டுவிடாதீர்கள். சீட்டுக் குலுக்கினார்கள், எனக்கு இது வந்தது. கால்பலம் வந்திருந்தால் இதே கதையை அந்தப் பக்கம் நின்று சொல்லியிருப்பேன்.

நாலு பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எதிரணி அண்ணன் இறங்கும்போது ஒரு வார்த்தை விட்டுவிட்டு இறங்கினார், கேட்டீர்களா? "அடுத்துப் பேச வருகிற அம்மா கடலூர்க்காரர். கடலூர்க்காரர்கள் ஐஸைப் பார்த்ததே மீன் பெட்டிக்குள்தான். அங்கே ஐஸ் மேல் மீன் படுத்திருக்கும், ஆடாது." நீங்களும் கைதட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணே, உண்மை. எங்கள் ஊரில் ஐஸ் மீன் பெட்டியில்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் ஐஸ் எதில் மிதக்கிறது என்று நான் சொல்ல வேண்டுமா? எங்கள் ஊரில் ஐஸ் மேல் கால் வைத்தால் ஆள் விழுவார். உங்கள் ஊரில் ஐஸ் உள்ளே போனால் ஆள் விழுவார். நாங்கள் விழுந்தால் எழுந்துவிடுவோம். இங்கே விழுந்தவரை எழுப்பி, கடலூர் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் "மஞ்சக்குப்பம் வந்ததும் இறக்கிவிடுங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. கடலூர் ஐஸில் மீன் ஆடாது என்றீர்கள். நான் ஆடியிருக்கிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மாவுக்கு முதுநகர் துறைமுகத்தில் மீன் வியாபாரம். விடியற்காலை நாலரை மணி, விசைப்படகு வந்து நிற்கிறது, ஏலம் நடக்கிறது. பெரிய ஐஸ் கட்டியைக் கொக்கி போட்டு சிமெண்ட் தரையில் இழுத்துக்கொண்டு போவார்கள். அது போன வழியெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரில் மீன் செதில், மீன் வழவழப்பு. என் தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் அன்னக்கூடை, அன்னக்கூடையில் சங்கரா மீன். இரண்டு எட்டு வைத்தேன். மூன்றாவது எட்டில் வலது கால் தேவனாம்பட்டினம் பக்கம் போய்விட்டது, இடது கால் சிதம்பரம் பக்கம் போய்விட்டது. நான் நடுவில் சுற்றினேன். சுற்றி, அப்படியே உட்கார்ந்தேன். ஆனால் கூடை தலையைவிட்டு இறங்கவில்லை! ஒரு சங்கரா கீழே விழவில்லை!

அங்கே நண்டு விற்கிற பாட்டி ஒருவர் இருந்தார். "அடியே, இந்தக் குட்டி ஒன்றரைச் சுத்து சுத்துச்சு பாருடி" என்றார். பக்கத்தில் நெத்திலி விற்கிற பாட்டி விடவில்லை. "ஒன்றரையா? ஒன்னேகால்தான். நான் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்." "உனக்குக் கண்ணு தெரியாது, ஒன்றரை." "உனக்குக் கணக்கு தெரியாது, ஒன்னேகால்." அரைமணி நேரம் சண்டை. நான் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தூக்கிவிட ஒருவரும் இல்லை.

பிற்காலத்தில் டிவியில் ஃபிகர் ஸ்கேட்டிங் பார்த்தபோது திடுக்கிட்டுப் போனேன். அங்கேயும் அந்த இரண்டு பாட்டிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்! டெக்னிக்கல் பேனல் என்று பெயர். ஒரு பெண் குதித்து இறங்கியதும் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்து, சுற்று முழுசாக வந்ததா, கால் சுற்று குறைந்ததா என்று இவர்கள்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். கால் சுற்றுக்கு மேல், அரைச் சுற்றுக்குள் குறைந்தால் அந்தத் தாவலுக்கு உரிய மதிப்பில் 80 சதவீதம்தான் கிடைக்கும். நெத்திலிப் பாட்டி இங்கே பிறந்ததால் நண்டுப் பாட்டியோடு போயிற்று. அங்கே பிறந்திருந்தால் நாலு நாட்டு வீராங்கனைகளை அழவைத்திருப்பார்.

இன்னும் கேளுங்கள். ஆக்ஸல் என்று ஒரு தாவல். நார்வேக்காரர் ஆக்ஸல் பால்சன் 1882இல் செய்து காட்டியது. மற்ற தாவல்களுக்கெல்லாம் பின்பக்கமாகப் போய்க் கிளம்புவார்கள், இது ஒன்றுதான் முன்பக்கம் பார்த்துக் கிளம்புவது. அதனால் அரைச் சுற்று கூட வரும். அப்படியென்றால் சிங்கிள் ஆக்ஸலுக்கு எத்தனை சுற்று? ஒன்றரை! நான் முன்பக்கம் பார்த்துத்தான் போனேன், ஒன்றரைச் சுற்று சுற்றினேன். துறைமுகத்தில் அன்று நடந்தது என்ன? சிங்கிள் ஆக்ஸல்! தலையில் சங்கராவோடு!

போன வாரம் உட்கார்ந்து மார்க் போட்டுப் பார்த்தேன். சிங்கிள் ஆக்ஸலுக்கு அடிப்படை மதிப்பு 1.10. விழுந்துவிட்டால் நடுவர்கள் தரத்துக்கு மைனஸ் 5 போடுவார்கள், அந்த 1.10இல் பாதி போய்விடும். மிச்சம் 0.55. விழுந்த குற்றத்துக்கு ஒரு மார்க் தனியாகக் கழிப்பார்கள். ஆகமொத்தம் மைனஸ் 0.45. கடலூர் துறைமுகத்துக்கு நான் இன்னும் அரை மார்க் கடன்காரி!

சிரிக்கிறீர்கள். இதே கணக்கை ட்ரிபிள் ஆக்ஸலுக்குப் போடுங்கள். மூன்றரைச் சுற்று, மதிப்பு 8. விழுந்தால் 4 போயிற்று, இன்னும் 1 போயிற்று, கையில் 3. இது தெரிந்தும் ஒரு பெண் அந்தத் தாவலுக்குக் கிளம்புகிறாள் என்றால் அவளைக் கிளப்புவது காலா? கால் "வேண்டாம்டி" என்றுதான் சொல்லும்.

எதிரணி அண்ணன் ரஷ்யாவின் ட்ரூசோவாவைச் சொன்னார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் ஐந்து குவாட், அதாவது நாலு சுற்றுத் தாவல் ஐந்து. இதைவிடக் கால்பலம் உண்டா என்று மேசையைத் தட்டினார். அண்ணே, ஐந்து குவாட் போட்ட பிள்ளைக்கு என்ன பதக்கம் என்று ஏன் சொல்லவில்லை? வெள்ளி! அதே போட்டியில் மூன்றாவதாக வந்தார் ஜப்பானின் காவோரி சகமோட்டோ. அவரிடம் குவாட் இல்லை, ட்ரிபிள் ஆக்ஸல்கூட இல்லை. ஆனால் 2022, 2023, 2024, மூன்று வருஷம் வரிசையாக உலக சாம்பியன் அவர்தான். பெண்களில் அப்படி மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தவர் அதற்கு முன்னால் 1960களில் பெக்கி ஃப்ளெமிங்.

கொஞ்சம் சீசன் கணக்கு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் கிராண்ட் பிரி என்கிற போட்டித் தொடர் தொடங்கும். ஆறு ஊரில் ஆறு போட்டி, ஒருவர் அதிகபட்சம் இரண்டில்தான் ஆடலாம். முதலிடத்துக்கு 15 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 13. கூட்டிப் பார்த்து ஆறு பேர் இறுதிக்குப் போவார்கள். 2025இல் அந்த இறுதி டிசம்பரில், ஜப்பானின் நகோயாவில். அப்புறம் தேசியப் போட்டி, 2026 பிப்ரவரியில் மிலான் ஒலிம்பிக், மார்ச்சில் உலகப் போட்டி. அக்டோபரில் இருந்த அதே இரண்டு கால்தான் மார்ச்சிலும் இருக்கும். ஆனால் அமெரிக்காவின் ஆம்பர் க்ளென் 2024 டிசம்பரில் கிராண்ட் பிரி இறுதியை ஜெயித்தார். மூன்றே மாதத்தில், சொந்த நாட்டில், பாஸ்டன் உலகப் போட்டியில், அதே ட்ரிபிள் ஆக்ஸலில் விழுந்து ஐந்தாமிடம். காலையா மாற்றிவிட்டார்கள்?

அந்த பாஸ்டனில் ஜெயித்தது யார்? அலிசா லியூ. 13 வயதில் அமெரிக்க சாம்பியன், 16 வயதில் "போதும்பா" என்று ஓய்வு. நமக்கெல்லாம் 60இல் கொடுத்தாலே அழுகை வருகிறது. எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்தாள். கல்லூரியில் சேர்ந்தாள். இரண்டு வருஷம் கழித்து ஆசை வந்து திரும்பினாள், 2025 மார்ச்சில் உலக சாம்பியன். இத்தனை வருஷம் பயிற்சியை விடாத பெண்களெல்லாம் பின்னால். கல்லூரியில் அந்தப் பெண் எடுத்த பாடம் என்ன தெரியுமா? மனோதத்துவம்! காலோதத்துவம் இல்லை அண்ணே, மனோதத்துவம்!

மிலான் தொடங்கும் முன்னால் யாருக்குத் தங்கம் என்று கேட்டிருந்தால், தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். சகமோட்டோவுக்கு அந்த 2025-26தான் கடைசி சீசன். அப்போது கையில் ஒலிம்பிக் வெண்கலம் இருந்தது, தங்கம் இல்லை. வயதான சங்கீதக்காரரின் கடைசிக் கச்சேரிக்குப் போவதுபோல அவர் ஆட்டத்துக்காகக் காத்திருந்தேன்.

இன்னொரு ஜப்பான் பெண்ணைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். மாவோ அசாதா. 2014 சோச்சி ஒலிம்பிக். ஒரு போட்டிக்கு இரண்டு ஆட்டம்: முதலில் குறும் ஆட்டம், அப்புறம் நீள ஆட்டம். முதல் நாள் குறும் ஆட்டத்தில் விழுந்து, தடுமாறி, பதினாறாம் இடம். நாலு வருஷம் முன்னால் ஒலிம்பிக் வெள்ளி வாங்கியவர், பதினாறாம் இடம்! மறுநாள் அதே கால், அதே ஷூ. நடுவில் ஒரே ஒரு ராத்திரி. வந்து நின்றார். ட்ரிபிள் ஆக்ஸல் விழுந்துவிடாமல் இறங்கியது, எல்லாத் தாவலும் இறங்கியது. 142.71, அவர் வாழ்க்கையிலேயே நீள ஆட்டத்தில் வாங்கிய மிக அதிக மார்க். பதக்கம் இல்லை, மொத்தத்தில் ஆறாமிடம். முடித்ததும் வானத்தைப் பார்த்து அழுதார். அந்த முறை யாருக்குத் தங்கம் என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த அழுகை யோசிக்காமல் ஞாபகம் வருகிறது.

ஆடி முடித்து மார்க்குக்காக உட்கார்கிற பெஞ்சுக்கு அங்கே கிஸ் அண்ட் க்ரை என்று பெயர். எனக்கும் அன்றைக்கு ஒன்று இருந்தது. கவிழ்த்துப் போட்ட அன்னக்கூடை. அதில் உட்கார்த்திவைத்தார்கள். கிஸ் கிடையாது, க்ரை மட்டும்தான். அம்மா ஏலத்தில் இருந்து ஓடிவந்தார். வந்ததும் முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "அடிபட்டுச்சா" இல்லை. "மீன் இருக்கா?"

சிரியுங்கள். நானும் முப்பது வருஷம் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். எந்த மேடையிலும் கை தட்டாமல் விட்டதில்லை. மிச்சத்தை மட்டும் சொன்னதில்லை.

அந்தக் கூடை மீன் தண்டலுக்கு வாங்கிய பணம். அது கொட்டியிருந்தால் அன்றைக்குச் சாயங்காலம் தண்டல்காரர் வாசலில் நின்றிருப்பார். அன்று ராத்திரி நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அம்மா என் முட்டியில் விளக்கெண்ணெய் தடவினார். கை நடுங்கியது. நான் கண்ணைத் திறக்கவில்லை. காலையில் நாலு மணிக்கு எழுப்பி, சும்மாட்டைச் சுற்றி என் தலையில் வைத்து, "அதே இடத்துலதான் நடக்கணும், சுத்திப் போகக் கூடாது" என்றார். நடந்தேன்.

இப்போது அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. துறைமுகம் போவதில்லை. இந்தப் பட்டிமன்றத்துக்காகக் கைபேசியில் ஆட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஓடிக்கொண்டிருந்தது 2010 வான்கூவர் ஒலிம்பிக். கனடாவின் ஜோன்னி ரோஷெட். மகள் ஆடுவதைப் பார்க்க வந்த அம்மா, வந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை குறும் ஆட்டம். அந்தப் பெண் வந்தாள், ஆடினாள், முடித்ததும் குனிந்து அழுதாள். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தாள். வெண்கலம்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தாவலைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை, மார்க் கேட்கவில்லை. "பாவம், அவங்க அம்மா பார்க்கலையா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பார்த்திருப்பா. நீ திரும்பப் போடு" என்றார். திரும்பப் போட்டேன். மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை அந்தப் பெண் குதிக்கிற ஒவ்வொரு முறையும் அம்மாவின் கை என் முட்டியைப் பிடித்துக்கொண்டது. அதே முட்டி.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். நாலு பக்கக் குறிப்பில் மூன்றே முக்கால் பக்கம் அப்படியே இருக்கிறது. எதிரணி அண்ணனுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அடுத்த தடவை கடலூர் வாருங்கள், நல்ல சங்கராவாகப் பார்த்து வாங்கித் தருகிறேன். துறைமுகத் தரையில் மட்டும் பார்த்து நடங்கள். நெத்திலிப் பாட்டி இல்லை, அவர் பேத்தி இருக்கிறாள், அவளும் ஒன்னேகால்தான் போடுவாள்.

வணக்கம்.