பழைய வீடியோ கசெட்டிலிருந்து அம்மம்மாவின் படம்

(திரையில்: கல்லடிக் கடற்கரை. அடுத்து, மேசையில் ஒரு மினி டிவி (MiniDV) கசெட்.)

வணக்கம். கல்லடி, நாவலடி, திருக்கோவில் என்று நமது கிழக்கிலங்கைக் கரையோரத்தில் 2004 டிசம்பர் 26 சுனாமியோடு ஃபோட்டோ அல்பத்தையும் பறிகொடுத்த வீடுகள் நிறைய. ஆனால் அதே குடும்பத்தின் கலியாண வீட்டு கசெட் கனடாவிலோ சுவிசிலோ ஒரு மாமியின் அலுமாரியில் கிடக்கலாம். அதில் அம்மம்மா நடக்கிறார், சிரிக்கிறார். சுவரில் மாட்டத்தான் ஒரு படம் இல்லை.

மினி டிவி, அதாவது சிறிய டிஜிட்டல் வீடியோ கசெட் என்றால், கமெராவில் போட்டு ஃபயர்வயர் என்ற கேபிளால் கொம்பியூட்டருக்கு எடுங்கள். பதிந்தது பதிந்தபடியே வரும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும், பிடிக்கட்டும். ஹை8, விஎச்எஸ் போன்ற பழையவற்றுக்கு ஓடும் படத்தைக் கொம்பியூட்டரில் பதியும் யூஎஸ்பி கேப்சர் கருவி போதும்.

(திரையில்: விஎல்சி.)

இது விஎல்சி, இலவச வீடியோ பிளேயர். ஓடும் வீடியோவை நிறுத்தி 'ஈ' (E) விசையைத் தட்டினால் ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப் படமாக நகரும். விண்டோஸில் ஷிஃப்டோடு 'எஸ்' (S) தட்டினால் அந்த ஃபிரேம் படமாகச் சேமிக்கப்படும். ஜேபெக் வேண்டாம், பிஎன்ஜி வையுங்கள்.

எடுத்த படத்தில் கை அசைந்த இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரியும். கசெட் பழுதில்லை. நமது நாட்டில் பாவித்த பால் (PAL) என்ற வீடியோ முறைக் கமெரா நொடிக்கு 25 ஃபிரேம் பதியும். ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதி: ஒன்றில் ஒற்றைக் கோடுகள், மற்றதில் இரட்டைக் கோடுகள், இடையில் நொடியில் 50இல் ஒரு பங்கு. அதற்குள் கை நகர்ந்துவிட்டால் இரண்டு பாதியும் பொருந்தாது. இரண்டு பாதியையும் சரிசெய்யும் டீஇன்டர்லேஸ் வசதியைப் போட்டால் கோடுகள் மறையும், ஆனால் நுணுக்கமும் கொஞ்சம் போகும்.

அதனால் ஆள் அசையாத நேரத்தைத் தேடுவதே மேல். எங்கே கிடைக்கும்? மணவறையில் குடும்பப் படம் எடுக்கும்போது! ஃபோட்டோக்காரருக்காக எல்லாரும் சிலை மாதிரி நிற்பார்கள், வீடியோவும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஃபிளாஷ் அடித்த ஃபிரேம் வெளுத்திருக்கும். அதற்குச் சற்று முந்தியதை எடுங்கள்.

இன்னொன்று. சேமித்த படம் 720க்கு 576 என்று இருந்தால் ஆட்கள் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிவார்கள். சாதாரண 4:3 வீடியோ என்றால் அகலத்தை 768 ஆக்குங்கள், சரியாகிவிடும். (அம்மம்மா உண்மையிலேயே ஒல்லி என்றாலும் செய்யுங்கள்.)

அப்புறம், அளவு. இது அரை மெகாபிக்சல்கூட இல்லை. முழு ஃபிரேமை 6க்கு 4 அங்குலத்தில் அச்சிட்டால் பார்க்கும்படி இருக்கும். முகத்தை மட்டும் வெட்டிச் சுவர் அளவுக்குப் பெருப்பித்தால் மங்கும். செயற்கை நுண்ணறிவு ஆப்கள் பளிச்சென்று ஆக்கித் தரும், உண்மைதான். ஆனால் வீடியோவில் இல்லாத கண்ணையும் பல்லையும் அவை ஊகித்து வரைகின்றன. வீட்டில் வைத்துக் கும்பிடப்போகும் படத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன். அசையாத நாலைந்து ஃபிரேமை கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுங்கள். புள்ளி புள்ளியான இரைச்சல் குறையும், முகம் அவருடையதாகவே இருக்கும்.

மாமிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஃபோட்டோவாக அல்ல, டொக்கியுமெண்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது மறுபடியும் சுருக்கிவிடும்.