மதிப்பெண் அட்டையின் கடைசி வரி

நேயர்களுக்கு அன்பான வணக்கம். மூன்றாம் பருவம் முடியப்போகிறது. இன்னும் சில நாள்களில் உங்கள் பிள்ளையின் மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வரும். ஆங்கிலத்தில் எவ்வளவு, பிரெஞ்சில் எவ்வளவு, கணக்கில் எவ்வளவு என்று மேலிருந்து பார்த்துக்கொண்டே வருவீர்கள். எங்கள் பள்ளி அட்டையில் தமிழ் அடியில் இருக்கிறது. அந்த வரிக்கு வருவதற்குள் அட்டையை மூடிவிடுகிற பெற்றோர் பலர். மொரீஷியஸ் தீவில் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறவள் நான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் வகுப்பறையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி.

மொழிப் பாடத்துக்கு மணி அடித்ததும் எங்கள் பள்ளியில் பிள்ளைகள் பிரிந்துபோவார்கள். இந்தி படிக்கிறவர்கள் ஓர் அறைக்கு, உருது படிக்கிறவர்கள் இன்னோர் அறைக்கு, பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் தீவுப் பேச்சுமொழியான கிரியோலைப் படிக்கிறவர்கள் வேறோர் அறைக்கு. தமிழுக்கு வருகிறவர்கள் தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும் அறைக்கு ஓடி வருவார்கள். வீட்டில் பேசுவது கிரியோல், தொலைக்காட்சியில் கேட்பது பிரெஞ்சு, பாடப் புத்தகத்தில் இருப்பது ஆங்கிலம். தமிழ் காதில் விழுவது அந்த ஒரு பாடவேளையில் மட்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நான் சொல்லப்போவதைக் கேளுங்கள்.

முதலில் சின்னப் பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பில் இந்த ஆண்டு உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் முடித்து, உயிர்மெய்க்குள் நுழைந்துவிட்டோம். இரண்டாம் வகுப்பினர் அதில் முழுக்க இறங்கிவிட்டார்கள். இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையைப் பார்த்துப் பிள்ளையைத் திட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 'பெ' என்று எழுதச் சொன்னால், பிள்ளை முதலில் பகரத்தை எழுதிவிட்டு, அதற்கு வலப்பக்கத்தில் கொம்பைப் போடுகிறது. அது கவனக்குறைவு அன்று. காதில் முதலில் விழுவது 'ப்', பிறகுதான் 'எ'. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒலி வரும் வரிசையில் எழுத்தை வைத்துப் பழகிய கை, தமிழிலும் அப்படியே வைக்கிறது. நம் எழுத்திலோ பின்னால் ஒலிக்கும் எகரத்தின் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. 'பொ' என்றால் இன்னும் கடினம், ஒரே ஒலிக்கு இரண்டு பக்கமும் குறி. கு, மு, பு, து ஆகிய நான்கிலும் உகரம் ஒன்றுதான், வடிவம் மட்டும் நான்கு விதம். ஆறு வயதுப் பிள்ளை இவ்வளவையும் தலையில் ஏற்றிக்கொண்டு எழுதுகிறது.

கொம்பை எப்படிச் சரி செய்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன். அட்டையில் எழுத்துகளையும் குறிகளையும் தனித்தனியாக வெட்டி, மேசைமேல் பரப்பினோம். நான் சொல்லும் எழுத்துக்குக் கொம்பை எந்தப் பக்கம் வைக்க வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். பேனாவை எடுக்கவே விடவில்லை. சில வாரம் நகர்த்தி நகர்த்திக் கை பழகிய பிறகுதான் நோட்டைத் திறந்தோம். ஒரு பெண் குழந்தை இன்றைக்கும் எழுதுவதற்கு முன்னால் இடது கை விரலை மேசைமேல் வைத்து, கொம்புக்கு இடம் பிடித்துக்கொள்கிறாள். பிறகு எழுதுகிறாள். தவறுவதே இல்லை. உங்கள் பிள்ளையும் எழுதும்போது இப்படி விரலை வைத்தால், ஏன் என்று அதட்டாதீர்கள்.

மூன்றாம் வகுப்பில் வாசிப்பு. 'அவர் வந்தார்' என்ற வாக்கியத்தைப் பிள்ளைகள் 'அவா வந்தா' என்று படிக்கிறார்கள். இதுவும் சோம்பல் அன்று. நாம் பேசும் கிரியோலில் சொல்லின் இறுதியில் வரும் ரகரம் கரைந்துவிடும். வாய் அப்படிப் பழகியிருக்கிறது. தமிழில் அந்த ரகரம் போனால் மரியாதையும் சேர்ந்து போய்விடுகிறது, யார் வந்தது என்பதே புரியாமல் போகிறது. எனவே இந்தப் பருவம் முழுவதும் சத்தமாகப் படிப்பதற்கே நேரம் கொடுத்தேன். எழுத்து வேலை குறைந்திருக்கிறது என்று நோட்டைப் பார்த்துச் சில பெற்றோர் கேட்டார்கள். குறைந்துதான் இருக்கிறது, தெரிந்தே குறைத்தேன். வாய் திருந்தாமல் கை மட்டும் ஓடிப் பயனில்லை.

நான்காம் வகுப்புச் செய்தியைச் சொல்ல எனக்கே ஆசையாக இருக்கிறது. எண்ணுப் பெயர்கள் பாடத்துக்குப் பிள்ளைகளிடம் நம் நாட்டு ரூபாய் நோட்டைக் காட்டினேன். எப்போதும் கையில் புழங்கும் நோட்டுதான். அதில் தமிழ் எழுத்திலும் தமிழ் எண்ணிலும் மதிப்பு அச்சிட்டிருக்கிறது என்பதைப் பலர் கவனித்ததே இல்லை. ஒரு பையன் நோட்டை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், எழுத்தெழுத்தாகக் கூட்டி, 'நூறு ரூபாய்' என்று படித்தான். படித்துவிட்டு, "டீச்சர், இது நம்முடைய எழுத்தா?" என்று கேட்டான். ஆமாம் என்றதும் அந்த நோட்டு வகுப்பு முழுவதும் கை மாறியது.

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1998-ஆம் ஆண்டு வெளிவந்த புதிய நோட்டுகளில் மொழிகளின் வரிசை மாறி, தமிழ் இந்திக்குப் பின்னால் தள்ளப்பட்டது. தமிழர்கள் எதிர்த்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, அடுத்த ஆண்டு பழைய வரிசையிலேயே நோட்டுகள் அச்சாகி வந்தன. ஒரு வரி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக அன்று அவ்வளவு பேர் குரல் கொடுத்தார்கள். அந்த வரியைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று எத்தனை பேர் என்று கேட்டால் எனக்கு மனம் வலிக்கிறது. அதனால்தான் அந்தப் பையனின் கேள்வி எனக்கு இந்தப் பருவத்தின் மிகப் பெரிய செய்தி.

ஐந்தாம் வகுப்பினர் கடிதம் எழுதக் கற்றிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பினர் ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.ஏ.சி. தேர்வை எழுதி முடித்துவிட்டார்கள். வழக்கமாக டிசம்பரில் முடிவு வரும். அதுவரை அவர்களைக் கேள்வி கேட்டுத் துளைக்க வேண்டாம்.

இனி, பள்ளி வாசலில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சுக்கு வருகிறேன். "டீச்சர், எனக்கே தமிழ் தெரியாது. நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது?" இதைச் சொல்லும் தாய்மாரின் முகத்தில் ஒரு கூச்சம் இருக்கும். நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. உங்கள் பாட்டனாரும் முப்பாட்டனாரும் கரும்புத் தோட்டத்தில் உழைத்த காலத்தில் தமிழைக் காப்பாற்றியவை கோயில்களும் மாலைப் பள்ளிகளும்தான். அந்த வசதி எட்டாத குடும்பங்களில் மொழி நழுவிப் போனது. அது யாருடைய குற்றமும் அன்று.

சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டுக்கொண்டிருங்கள். அது போதும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம், பிள்ளை ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கட்டும். அதன் விரல் எழுத்தின்மேல் நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள். விரல் நின்றால் பிள்ளைக்கு அந்த எழுத்து தடுக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து அனுப்புங்கள், மறுநாள் நான் பார்த்துக்கொள்கிறேன். அப்படிப் புள்ளி வைத்து வரும் நோட்டுகள் என் மேசைக்கு வருகின்றன. அந்தப் பிள்ளைகள் வேகமாக முன்னேறுகிறார்கள். அவர்களில் சிலருடைய பெற்றோருக்குத் தமிழில் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது.

இன்னொன்று. கோயிலில் நம்மில் பலர் தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதிய தாளைப் பார்த்துத்தான் பாடுகிறோம். அடுத்த முறை போகும்போது தமிழ் எழுத்தில் உள்ள புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒரு வரியைப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளை முன்னால் படிக்க, நீங்கள் பின்னால் சொல்லுங்கள். தனக்குத் தெரிந்ததை அப்பா தன்னிடம் கேட்டுச் சொல்கிறார் என்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெருமை என்பதை நீங்களே காண்பீர்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு வந்ததும் தமிழை நிறுத்திவிடலாமா என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குக்கும் பிரெஞ்சுக்கும் தனிப் பாடம் வைக்க வேண்டும், நேரமில்லை என்கிறார்கள். நிறுத்தாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். பாடவேளை பள்ளி நேரத்துக்குள்ளேயே இருக்கிறது. மோக்காவில் 1970-இல் தொடங்கிய மகாத்மா காந்தி நிறுவனம் நம் பிள்ளைகளுக்காகவே தமிழ்ப் பாடநூல் தயாரிக்கிறது, அந்த நூல் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் நிறுத்துவது, எழுத்துகள் ஒன்று சேர்ந்து சொல்லாகி, சொல் கதையாகத் தொடங்கும் நேரத்தில். மூன்று ஆண்டு பட்ட பாடு பலன் தரப்போகிற நேரத்தில் விடுவது, பூத்த மாமரத்தை வெட்டுவது போன்றது. 2012 முதல் பள்ளிகளில் கிரியோலும் ஒரு பாடமாக இருக்கிறது. அதைப் படிக்கிற பிள்ளைகளிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அதுவும் நம் மொழிதான். ஆனால் கிரியோலைத் தெருவும் வீடும் கற்றுக்கொடுத்துவிடும். தமிழைக் கற்றுக்கொடுக்க இந்தத் தீவில் பள்ளியையும் கோயிலையும் விட்டால் வேறு இடம் அரிது.

பருவத்தின் கடைசி நாள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேர்வு முடிந்ததும் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து கடைசி நாள் வரை அனுப்புங்கள். மதிப்பெண்ணுக்குப் பயப்படாமல் பிள்ளைகள் தமிழ் பேசுவது அந்த நாள்களில்தான். இந்த முறை நாங்கள் ஒரு சிறிய நாடகம் போடுகிறோம். சந்தையில் காய்கறி வாங்கும் காட்சி, வசனமெல்லாம் பிள்ளைகளே எழுதியது. வகுப்பில் வாயே திறக்காத ஒருவன், பூசணிக்காய்க்கு விலை பேசும் கிழவியாக நடிக்கக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒத்திகையில் அவன் குரல் அடுத்த அறை வரை கேட்டது.

விடுமுறை ஜனவரி வரை நீள்கிறது. விடுமுறைக்கென்று பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதும் வேலையை நான் கொடுக்கவில்லை. லிச்சிப் பழம் பறிக்கும் காலத்தில் பிள்ளைகள் ஓடியாடட்டும். ஒரே ஒரு சின்னக் கதைப் புத்தகத்தைப் பையில் வைத்து அனுப்புகிறேன். சூறாவளி எச்சரிக்கை வந்து வீட்டுக்குள் அடைந்திருக்கும் நாளில் அது கைகொடுக்கும். பொங்கலன்று வாசலில் 'பொங்கல் வாழ்த்து' என்று பிள்ளையே எழுதட்டும். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் வீடுகளில், காவடி எடுப்பவர்களின் பெயர்களைத் தமிழில் எழுதிப் பூசை அறையில் ஒட்டச் சொல்லுங்கள். ழகரமும் ளகரமும் இடம் மாறினால் பரவாயில்லை, திருத்த நான் இருக்கிறேன். புத்தகத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படிக்கிற பிள்ளைகள் இருந்தால், இந்த விடுமுறையிலேயே கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எழுத்து தெரியவில்லை என்று நாம் நினைக்கும் பிள்ளைகளில் சிலருக்குக் கரும்பலகையே தெரிவதில்லை.

கடைசியாக, வரும் ஜனவரியில் ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கிற பெற்றோருக்கு. எந்த மொழியைப் படிக்க வைக்க விரும்புகிறீர்கள் என்று பள்ளியில் உங்களைக் கேட்பார்கள். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று அதை விட்டுவிடாதீர்கள். தமிழ் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே வேறு மொழியைக் குறிப்பிட்டு, இப்போது மனம் மாறியிருந்தால் தாமதிக்காமல் தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். எங்கள் பள்ளிக்கு வருகிறவர்களுக்காகத் தாழ்வாரத்தின் கடைசி அறையில் சின்ன நாற்காலிகளையும் வெட்டிய எழுத்து அட்டைகளையும் இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். வணக்கம்.