மரத்துக்கு வந்த கடிதங்கள்

நண்பர்களே, நகரத்துக்கு மரம் வேண்டும் என்று உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நிழல், குளிர்ச்சி, மழைநீர் எல்லாம் தெரிந்த கதைதான். நான் கேட்க வந்தது வேறு. உங்கள் வீட்டுக்கு எதிரே நிற்கும் மரத்தின் பெயர் என்ன?

தயங்குகிறீர்கள். தப்பில்லை. செடிகொடிகள் கண்ணெதிரே இருந்தும் கவனத்தில் படாமல் போவதற்கு 1990-களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் ‘தாவரக் குருடு’ என்றே பெயர் வைத்தார்கள். கிளையில் குருவி இருந்தால் குருவியைப் பார்ப்போம். கிளை நமக்கு வெறும் பச்சை.

2013-ல் மெல்பர்ன் மாநகராட்சி தன் மரங்களுக்கு எண் கொடுத்து, ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது. (மரத்துக்கு ‘ஆளுக்கொரு’ என்று சொல்லலாமா? சரி, இருக்கட்டும்.) கிளை முறிந்தாலோ நோய் கண்டாலோ தெரிவியுங்கள் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் மக்கள் மரத்துக்கே கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்! நலம் விசாரித்தார்கள், நீ அழகாக இருக்கிறாய் என்றார்கள். சில கடிதங்களுக்கு மரத்தின் பெயரில் பதிலும் போனது. அதுவரை அந்த ஊரில் ‘மரங்கள்’ இருந்தன. ஓர் எண் கிடைத்ததும் அது ‘இந்த மரம்’ ஆகிவிட்டது, பாருங்கள்.

வீட்டுக்குள் வருவோம். காற்றைச் சுத்தப்படுத்தும் என்று செடி வாங்குகிறோம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், 1989-ல் வெளியான நாசாவின் ஆய்வு, காற்றுப் புகாத பெட்டிக்குள் செடிகளை வைத்துச் செய்தது. ஜன்னல் திறந்திருக்கும் அறையில் அந்த வேலையை ஜன்னலே பார்த்துக்கொள்ளும். வாங்கிய செடியோ பெரும்பாலும் தாகத்தில் சாவதில்லை, நாம் ஊற்றும் தண்ணீரில்தான் சாகிறது. வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் வேர் அழுகும், அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, இலை வாடும். வாடியதைப் பார்த்து இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். நானே இப்படி மூன்று செடிகளை வழியனுப்பியிருக்கிறேன். பாசத்தில் குறையே இல்லை, மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்க்கத்தான் தோன்றவில்லை.

தெருவில் இதே தப்பைச் சிமென்ட்டால் செய்கிறோம். அடிமரம் வரை பூசிவிட்டால் கீழே காற்றும் போகாது, மழையும் இறங்காது. இந்த அரங்கத்தின் வாசலிலேயே அப்படி ஒன்று நிற்கிறது. உள்ளே வரும்போது கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பெயர் எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்.