நான் எழுதியதென்று காட்ட ஒன்று

நேயர்களுக்கு வணக்கம்.

2024 செப்டம்பரில் தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் டைடல் நியோ பூங்கா என்ற ஐ.டி. வளாகத்தைத் திறந்தார்கள். அதிலிருந்து பலரும் என்னிடம் கேட்பது, "நம்ம பக்கம் ஆபீஸ் போட்டால் ஆள் கிடைப்பார்களா?" என்பதுதான். கிடைப்பார்கள். வல்லம், திருமலைசமுத்திரம் என்று சுற்றிலும் கல்லூரிகள் இருக்கின்றன. வந்தவர்கள் கையில் என்ன வேலையைக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு சென்னை மென்பொருள் நிறுவனத்தின் கிளையைத் தஞ்சாவூரில் ஐந்து பேரோடு தொடங்கினேன். அங்கே யாரும் தொட விரும்பாத பழைய கோளாறுகளை மட்டும் இங்கே அனுப்பினார்கள். நானும் சரி என்று வாங்கிக்கொண்டேன். எட்டே மாதத்தில் இரண்டு பேர் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். "சார், நான் எழுதுனதுன்னு காட்ட ஒண்ணுமே இல்ல" என்றார் ஒருவர். அந்தப் பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்புறம் தலைமை அலுவலகத்தோடு மல்லுக்கட்டி, பில் போடும் பகுதி முழுவதையும் வாங்கினேன். வடிவமைப்பு, நிரல் எழுதுவது, சோதனை, வெளியீடு, நள்ளிரவில் அது நின்றுபோனால் வரும் போன், எல்லாம் எங்களுடையது. பிள்ளைகள் வேலையில் ஊன்றி நின்றது அதற்குப் பிறகுதான்.

வேலை பெருகியதும் அவசரப்பட்டுப் பத்துப் பேராக்கினேன். ஐந்து பேருக்குள் இருவர் இருவராகப் பேச 10 ஜோடி. பத்துப் பேரென்றால் 45. ஆள் இரண்டு மடங்கு, பேச்சு நாலரை மடங்கு. பழைய ஆட்கள் நாள் முழுக்கப் புதியவர்களுக்குப் பதில் சொல்லியே களைத்தார்கள், மூன்று வாரம் எந்த வெளியீடும் நகரவில்லை. இப்போது ஒரு தடவைக்கு இரண்டு பேரைத்தான் எடுக்கிறோம். அவர்கள் எழுதிய நிரல் முதல் வாரத்திலேயே வாடிக்கையாளரிடம் போய்விட வேண்டும், ஒரு வரி திருத்தமாக இருந்தாலும் போதும்.

நேர்முகத்தில் புதிர் கேட்பதில்லை. பழுதான ஒரு சின்ன நிரலைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சேர்ந்து சரிபார்க்கிறோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தேடத் தொடங்குகிறவரை எடுத்துவிடுவோம்.

தினசரிக் கூட்டத்தை முதலில் சென்னைக்குத் தோதாக மாலை ஆறரைக்கு வைத்திருந்தோம். கும்பகோணம், மன்னார்குடி போகிறவர்களின் கண் பஸ் நேரத்திலேயே இருக்கும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். காலை பத்து மணிக்கு மாற்றியதும் பாதி பேசினார்கள். மீதிப் பாதியைத் தடுத்தது இங்கிலீஷ். ஆவணம் இங்கிலீஷில் இருக்கட்டும், விவாதம் தமிழில் நடக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

அடுத்த வாரம், பாபநாசத்திலிருந்து வரும் ஒரு பெண், சேர்ந்து நாலு மாதம்தான், என் வடிவமைப்பைப் பலகையில் பார்த்துக் கை தூக்கினார். "சார், கஸ்டமர் ரெண்டு தடவை பட்டனை அமுக்கிட்டா ரெண்டு பில் விழுமே?" என்றார். விழும். நான் அதைக் கவனிக்கவே இல்லை. மார்க்கரை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் போய் உட்கார்ந்துகொண்டேன். மதியச் சாப்பாடு வரை அவர்தான் பலகையில் நின்றார்.

நன்றி, வணக்கம்.