விழுகிற எம்சிபியைத் திட்டாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஐடிஐயில் வயர்மேன் பிரிவுப் பையன்களுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். கரும்பலகை இல்லாமல் பேசுவது கொஞ்சம் சிரமம்தான். படம் போட்டு விளக்க வேண்டியதையெல்லாம் விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டில் இருப்பதை வைத்தே பேசுவோம்.

மெயின் போர்டில் வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள் இருக்கும், எம்சிபி. அதில் ஒன்று கீழே விழுந்து கரண்ட் நின்றால் 'ட்ரிப் ஆயிடுச்சு' என்கிறோம். தூக்கி விடுகிறோம். மறுபடி விழுகிறது. உடனே வீட்டில் யாராவது சொல்வார்கள்: "இது சின்னது, தாங்கல. பெருசா ஒண்ணு வாங்கிப் போடுங்க." இந்தப் பேச்சை எதிர்த்துப் பேசத்தான் வந்திருக்கிறேன். மற்றதெல்லாம் நேரம் இருந்தால்.

எம்சிபியின் முகத்தில் 10, 16, 20, 32 என்று ஓர் எண் இருக்கும். எத்தனை ஆம்பியர் என்பதற்கான எண். உங்கள் ஏசிக்கோ கிரைண்டருக்கோ கொடுத்த எண் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. சுவருக்குள் ஓடுகிற வயருக்குக் கொடுத்த எண் அது. லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஓடும் ஒன்றரை எம்எம் வயருக்கு 10, பவர் பிளக்குக்கு வரும் இரண்டரை எம்எம் வயருக்கு 16 என்று வைப்பது வழக்கம். வயர் தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் போனால் சூடேறும். அதுவும் நேர்க்கணக்கில் ஏறாது. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. சுவருக்குள் நடப்பதால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. எம்சிபிக்குத் தெரியும், விழுந்து சொல்கிறது. அதைப் போய்த் திட்டுகிறோம்.

சரி, எவ்வளவு இழுக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேனா, பேப்பர் தேட வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். ஆயிரம் வாட்டுக்கு ஏறக்குறைய நாலரை ஆம்பியர், இது ஒன்று போதும். அயர்ன் பாக்ஸ் 1000 வாட், நாலரை ஆம்பியர். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், ஒன்பது. கீசரும் அப்படித்தான். ஆனால் எல்இடி பல்பு ஒன்பது வாட்தான், செல்போன் சார்ஜர் அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம், அவ்வளவுதான். அதனால் எத்தனை பிளக் செருகியிருக்கிறது என்று எண்ணாதீர்கள். சூடாக்குவது எது, குளிராக்குவது எது, பெரிய மோட்டார் எது என்று பாருங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டில் ஆறு சார்ஜர் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஒரே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் கவலைப்படுவேன். அந்தச் சின்ன பிளக் துளை 6 ஆம்பியருக்கானது, அடுப்பு கேட்பது ஒன்பது.

இந்த இடத்தில் ஒரு மாவுக்கடைக் கதை சொல்லியாக வேண்டும். என் மாணவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம், நீங்களும் கேளுங்கள். வீட்டு முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்கிற குடும்பம். சுத்த சைவம். அந்த அம்மா ஒருநாள் என்னிடம் வந்து, "அண்ணே, வீட்டுக்குள்ள கருவாட்டு நாத்தம் அடிக்குது, பக்கத்து வீட்டுக்காரி வேணும்னே ஜன்னலத் திறந்து வெச்சு வறுக்கிறா" என்றார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. எனக்கு வாடை என்றதுமே சந்தேகம். போய்ப் பார்த்தேன். கடை ஓரம் சுவிட்ச் போர்டு வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது, ஒரு மூலை வறுத்த ரவை நிறத்துக்கு வந்திருந்தது. கை வைத்தால் சுடுகிறது. பிளக், சுவிட்ச் செய்யும் சில பிளாஸ்டிக் வகைகள் ரொம்பச் சூடானால் அச்சு அசலாக மீன் வாடை வரும். பக்கத்து வீட்டம்மா பாவம், அவர் கருவாடே வாங்கவில்லை.

மெயினை இறக்கிவிட்டுத் திறந்தேன். இரண்டரை எம்எம் வயர் ஒன்றுதான் அந்தப் பக்கம் முழுக்க. அதில் ஒரு குதிரைத்திறன் கிரைண்டர் இரண்டு, அஞ்சும் அஞ்சும் பத்து ஆம்பியர். பின்கட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்பது. டீப் ஃப்ரீசர் ஒன்று, அதற்கு இரண்டு ஆம்பியர். ஆக இருபத்தொன்று. வயருக்கு வைத்திருந்தது 16 எம்சிபி, காலையில் எல்லாம் சேர்ந்து ஓடும்போது தவறாமல் விழுந்திருக்கிறது. கடையில் கூட்டம் நிற்கும்போது விழுந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? மகன் 32 வாங்கி மாட்டிவிட்டான். அன்றிலிருந்து விழவே இல்லை, எல்லோருக்கும் சந்தோஷம். எப்படி விழும்? 32 ஆம்பியர் எம்சிபி என்றால் 36 ஆம்பியர் ஒரு மணி நேரம் போனாலும் விழக்கூடாது என்பதுதான் அதற்கான தர விதி. வயர் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்று, ஏற்கெனவே தளர்ந்தது, அது முதலில் சூடேறி போர்டையும் சேர்த்துக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

செலவு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மெயின் போர்டிலிருந்து அடுப்புக்குத் தனியாக ஒரு லைன், அதற்கு ஓர் எம்சிபி. கருகிய போர்டும் இணைப்பும் புதிது. பழைய லைனுக்கு மறுபடி 16. ஒருநாள் வேலைதான். தனி லைன் இழுக்க வசதி இல்லையா, கிரைண்டர் ஓடும்போது அடுப்பைப் போடாமல் இருந்தாலே போதும், அதற்குக் காசே வேண்டாம்.

பழைய வீடுகளில் ப்யூஸ் கட்டை இருக்கும். அங்கேயும் இதே கதைதான். ஓர் இழை போட வேண்டிய இடத்தில் மூன்று இழை முறுக்கிப் போட்டால், அது ப்யூஸ் இல்லை, வெறும் கம்பி. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்: எண்ணைப் பெரிதாக்க வேண்டுமானால் முதலில் வயரைப் பெரிதாக்குங்கள்.

இன்னொன்றும் அடிக்கடி கேட்கிறேன். "எங்க வீட்டுலதான் ஆர்சிசிபி இருக்கே சார்." இருக்கட்டும், அவசியம் இருக்கட்டும். ஷாக் அடித்தால் காப்பாற்றுவது அதுதான். ஆனால் அது பார்ப்பது போன கரண்ட் முழுசாகத் திரும்பி வந்ததா என்பதை. வயர் தாங்குவதற்கு மேல் இழுக்கிற ஓவர்லோடில் முழுசாகத்தான் திரும்பி வருகிறது, வழியில் வயரைக் காய்ச்சிவிட்டு வருகிறது, அவ்வளவுதான். அதனால் ஆர்சிசிபி அசையாது. இரண்டும் வேண்டும்.

எர்த்திங் பற்றியும் இன்வெர்ட்டர் பற்றியும் குறிப்பு எடுத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டிவிட்டார். அவசரமாக இரண்டு: பந்தல், விசேஷம் என்று சுருள் வயர் எடுத்தால் முழுசாகப் பிரித்துவிட்டு லோடு போடுங்கள், சுற்றியபடியே போட்டால் உள்சுற்று சூடேறி உருகும். பேட்டரி ஸ்கூட்டரை ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுகிறவர்கள் எக்ஸ்டென்ஷன் வேண்டாம், 16 ஆம்பியர் பிளக்கிலேயே நேராகப் போடுங்கள். போட்ட அரைமணி கழித்து மேலாகப் புறங்கையை வைத்துப் பாருங்கள், நன்றாகச் சுட்டால் நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.